இரட்டை இழையில் நின்ற பந்து

"யாரும் தொடாதீங்க. யாருமே பந்தத் தொடக் கூடாது."

அம்பயர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு சொன்னார். தொட யாருக்கும் தைரியமும் இல்லை. செம்மண் தரையில், வெள்ளைப் பொடிக்கு நடுவில், அழுக்கேறிய ஒரு பேஸ்பால் பந்து அசையாமல் கிடந்தது. அதைச் சுற்றி இரண்டு பள்ளிகளின் பிள்ளைகளும், ஆசிரியர்களும், வேடிக்கை பார்க்க வந்த பெற்றோர்களும் குனிந்து நின்றோம். பொடியை மோந்து பார்க்க வந்த ஓர் ஆட்டை யாரோ ஓர் அம்மா முந்தானையை வீசி விரட்டினார். அதற்குக்கூடச் சத்தம் போடவில்லை.

அந்தப் பந்தை அடித்தவள் என் மகள் தர்ஷினி. அப்போது ஏழாம் வகுப்பு. பந்து கிடந்த கோட்டை அன்று காலையில் போட்டவள் நான்.

பந்து கோட்டுக்கு உள்ளே என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு வெற்றி. அடுத்த கட்டப் போட்டிக்கு வெளியூர் போய்த் தங்கி ஆடுவார்கள். வெளியே என்றால் என் மகள் அவுட்.

உள்ளேயா வெளியேயா என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம்தான். ஆனால் அங்கே ஒரு கோடு இல்லை. இரண்டு இருந்தன.

நாலு பக்கமும் அடிக்க முடியாத ஆட்டம்

நாங்கள் இருப்பது கீரனூரில். என் வீட்டுக்காரருக்குத் திருச்சியில் வேலை. காலையில் பஸ் ஏறினால் இருட்டித்தான் வருவார். அதனால் பள்ளிக்கூடம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் நான்தான். கையெழுத்துப் போடுவதும் நான், போட்டுவிட்டுச் சரியாகத்தான் போட்டோமா என்று ராத்திரி முழுக்க யோசிப்பதும் நான்.

தர்ஷினி ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்து, "ம்மா, நா பேஸ்பால் டீம்ல சேந்துட்டேன்" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். பி.டி. ஆசிரியை ஸ்டெல்லா மிஸ் புதிதாக ஓர் அணி சேர்த்திருந்தார். கைக்கு மாட்டுகிற கிளவுஸ் ஆளுக்கொன்று கிடையாது. ஒரு அணி மாட்டிக் கழற்றினால்தான் மறு அணி மாட்டிக்கொண்டு இறங்கும். ஓடிப்போய்த் தொட வேண்டிய பேஸ் என்பது மண் நிரப்பித் தைத்த சிமெண்டுச் சாக்கு. அடிப்பவள் நிற்கும் ஹோம் பிளேட்டை ஒரு பழைய ரப்பர் மெத்தையில் அறுத்து வைத்திருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் கிரிக்கெட் பைத்தியம். தர்ஷினி அவருக்குப் படம் போட்டு விளக்கினாள். ஹோம் பிளேட்டிலிருந்து கிளம்பும் இரண்டு கோடு, நடுவில் விரிகிற மைதானம். அடிக்கிற பந்து அந்த இரண்டு கோட்டுக்குள் விழ வேண்டும். வெளியே போனால் ஃபவுல்.

"அப்ப பின்னால தட்டிவிட்டா?"

"ஃபவுல்ப்பா."

"கால் பக்கம் திருப்பிவிட்டா?"

"ஃபவுல்."

"நாலு பக்கமும் அடிக்க முடியாத ஆட்டம் என்னத்தா ஆட்டம்?" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பந்து முகத்தில் பட்டால் பல் என்னாகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

யோசித்து வைத்தவர் யார்

நான் எழுதும் இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு என் பழக்கம் தெரிந்திருக்கும். ஒன்றைப் பற்றிப் பயம் வந்தால் அதைப் படிக்கத் தொடங்கிவிடுவேன். பிள்ளைக்கு முதல் காய்ச்சல் வந்தபோது மருந்துச் சீட்டை மனப்பாடம் செய்தவள். இப்போது பேஸ்பால் விதிகளைப் படித்தேன். குக்கர் விசிலுக்கும் விசிலுக்கும் நடுவில், போனில்.

பயத்தில்தான் ஆரம்பித்தேன். எந்த இடத்தில் அது ஆச்சரியமாக மாறியது என்று சொல்லத் தெரியவில்லை.

மூன்று முறை பந்தைத் தவறவிட்டால் அடிப்பவள் அவுட். இது எனக்கும் புரிந்தது. ஆனால் மூன்றாவது பந்தைப் பின்னால் இருக்கும் கேட்சர் ஒழுங்காகப் பிடிக்க வேண்டும். பிடிக்காமல் நழுவவிட்டால், முதல் பேஸ் காலியாக இருந்தால், அடிக்க நின்றவள் ஓடலாம். பந்துக்கு முன்னால் பேஸைத் தொட்டுவிட்டால் அவள் அவுட் இல்லை. ஒரு தடவை தர்ஷினிக்கே அப்படி நடந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் பிள்ளை முதல் பேஸில் நின்று மூச்சு வாங்குகிறாள். முடிந்துபோன பிறகும் ஒரு வழி வைத்திருக்கிறார்களே என்று பாட்டில் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

இன்னொன்று. முதல் பேஸிலும் இரண்டாவது பேஸிலும் ஆட்கள் நிற்கும்போது பந்து சும்மா மேலே எழும்பினால், தடுப்பவள் அதைப் பிடிக்கிற மாதிரி நின்று வேண்டுமென்றே கீழே விடலாம். பிடித்துவிடுவாள் என்று நம்பி நின்றவர்கள் ஏமாந்துபோவார்கள். ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட்டாக்கிவிடலாம். அதனால் பந்து இன்னும் ஆகாயத்தில் இருக்கும்போதே அம்பயர் அடித்தவளை மட்டும் அவுட் என்று சொல்லிவிடுவார். பொய்யாகத் தவறவிடுவதால் யாருக்கும் லாபம் இல்லாமல் போகிறது. ஒரு பிள்ளை மனதில் வரப்போகும் தந்திரத்தைக்கூட யாரோ எங்கேயோ உட்கார்ந்து முன்கூட்டியே நினைத்திருக்கிறார்கள்.

அடுத்தது, கை ஜாடை. பந்து கோட்டோரமாகப் போய் ஃபவுல் என்றால் அம்பயர் வாய்விட்டுச் சொல்வார். ஃபேர் என்றால், அதாவது உள்ளே என்றால், பேச மாட்டார். கையை மட்டும் மைதானத்தின் பக்கம் நீட்டுவார். அது ஏன் என்று நான் தேடவில்லை. அப்படியே பிடித்துப்போயிற்று.

சுண்ணாம்பு தீர்ந்தது

மழைக்காலத்துக்கு முந்தின ஒரு சனிக்கிழமை. விராலிமலைப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் எங்கள் மைதானத்துக்கு ஆட வந்திருந்தார்கள். முதல் நாள் பெய்த தூறலில் கோடு போட வைத்திருந்த சுண்ணாம்பு மூட்டை நனைந்து கட்டியாகிவிட்டது. உடைத்துப் பார்த்ததில் முதல் பேஸ் பக்கக் கோட்டுக்கு மட்டும்தான் தேறியது.

ஸ்டெல்லா மிஸ் அம்மாக்கள் எங்களைப் பார்த்தார். "கோலம் நல்லா போடுறவங்க யாரு?"

இப்படிக் கேட்டால் கை தூக்காமல் இருக்க எனக்குத் தெரியாது. பெட்டிக்கடையில் கோலமாவு பாக்கெட்டுகள் வாங்கி வந்தார்கள். ஹோம் பிளேட்டிலிருந்து மூன்றாவது பேஸ் வரை நைலான் கயிறு கட்டி, "இதையொட்டியே போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு மிஸ் வேறு வேலைக்குப் போனார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, குனிந்து, கயிற்றையொட்டிப் பொடியை இறக்கிக்கொண்டே போனேன். மூன்றாவது பேஸ் வந்ததும் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினேன். நிமிர்ந்து பார்த்தேன். ஒற்றைக் கோடு வெறிச்சென்று கிடந்தது.

நல்ல காரியத்துக்கு ஒற்றை இழை போடுவார்களா? பிள்ளைகள் ஆட வந்திருக்கிறார்கள். என் மூளை இதையெல்லாம் வரிசையாக யோசித்தது என்று சொன்னால் அது உண்மை இல்லை. கைதான் செய்தது. திரும்பி வரும்போது மூன்று விரல் இடம் விட்டு இன்னொரு இழை. கல்லூரியில் கணிதம் படித்தவள் நான். கோட்டுக்கு நீளம் மட்டும்தான், அகலம் கிடையாது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள்.

இரண்டு இழையும் நூல் பிடித்த மாதிரி நேராக வந்தன. தள்ளி நின்று பார்த்தால் பட்டையான ஒரே கோடு. அம்பயர் அப்படித்தான் பார்த்தார். இரண்டு ஆசிரியர்களும் மைதானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்கள். எனக்கு ஒரே பெருமை.

உருண்டது

கடைசிச் சுற்று. இரண்டு பக்கமும் சமம். எங்கள் பிள்ளைகளில் இரண்டு பேர் அவுட். மூன்றாவது ஆளும் அவுட்டானால் எங்கள் முறை முடிந்தது. மூன்றாவது பேஸில் ஒருத்தி நிற்கிறாள். அவள் ஹோம் பிளேட்டுக்கு வந்துவிட்டால் வெற்றி. வராவிட்டால் இன்னொரு சுற்று ஆட வேண்டும். எங்களுக்குப் பந்து வீசுகிற பிட்சர் பிள்ளைக்கு மணிக்கட்டு வீங்கி ஈரத்துணி சுற்றியிருந்தது. இன்னொரு சுற்றை அவளால் தாங்க முடியாது என்று எல்லோருக்கும் தெரியும்.

தர்ஷினி மட்டையோடு நின்றாள். பந்தைத் தவறவிட்டு இரண்டு ஸ்ட்ரைக் ஏற்கெனவே போய்விட்டது.

ஸ்டெல்லா மிஸ்ஸுக்கு முந்தின வாரம் நான் பதில் சொல்லாமல் விட்டிருந்தேன். ஜெயித்தால் பிள்ளையை வெளியூருக்கு அனுப்புவீர்களா என்று கேட்டிருந்தார். வீட்டுக்காரர், "ஒன் இஷ்டம்" என்று என் தலையில் வைத்துவிட்டார். தர்ஷினி நான் இல்லாமல் ஒரு ராத்திரிகூட வெளியில் தங்கியதில்லை. ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே, ஜெயித்துவிட்டால் என்ன செய்வது என்றும் யோசித்துக்கொண்டு நின்றேன்.

பந்து வந்தது. தர்ஷினி ஓங்கி அடிக்கவில்லை. மட்டையைக் குறுக்கே பிடித்து, பந்தை மெல்லத் தட்டி இறக்கினாள். பண்ட் என்பார்கள். விதி தெரிந்தால் இதுதான் தொல்லை. இரண்டு ஸ்ட்ரைக்குக்குப் பிறகு ஓங்கி அடித்த பந்து ஃபவுலானால் தப்பு இல்லை, மறுபடி ஆடலாம். பண்ட் செய்து ஃபவுலானால் மட்டும் அவுட்.

பந்து மூன்றாவது பேஸ் பக்கம் கோட்டோரமாக உருண்டது. தர்ஷினி முதல் பேஸுக்கு ஓடினாள். மூன்றாவது பேஸில் நின்ற எங்கள் பிள்ளை கோட்டுக்கு வெளியே விழுந்தடித்து வந்து ஹோம் பிளேட்டைத் தொட்டுவிட்டாள். ஆனால் எதிரணிப் பிள்ளைகள் பந்தை எடுக்கவில்லை.

"தொடாத, தொடாத. வெளிய போகுது" என்று அவர்களில் ஒருத்தி கத்தினாள்.

சரியான யோசனை. உள்ளே இருக்கும்போது தொட்டால் ஃபேர். தானாக வெளியே போய்விட்டால் ஃபவுல், அவுட். மூன்று பிள்ளைகள் பந்தோடு கூடவே நடந்தார்கள், குழந்தை நடை பழகுவதைப் பார்க்கிறவர்கள் மாதிரி. பந்து மெதுவாகி மெதுவாகி என் முதல் இழையை ஏறிக் கடந்தது. அடுத்த இழையில் முட்டியது. கொஞ்சம் பின்னுக்கு வந்து, இரண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது.



எது முதல் கோடு

"உள்கோட்டத் தாண்டிருச்சு சார். ஃபவுலு. புள்ள அவுட்டு" என்றார் எதிரணி ஆசிரியர். வெள்ளைப் பேண்ட், கழுத்தில் விசில், நாலு பேருக்குக் கேட்கும் குரல்.

"வெளிக்கோட்டத் தாண்டலயே சார். அப்பறம் எப்புடி ஃபவுலு?" என்றார் ஸ்டெல்லா மிஸ்.

அம்பயர் சின்ன வயதுக்காரர், வேறொரு பள்ளியின் பி.டி. ஆசிரியர். "மொதல்ல எதுங்க கோடு? காலையில ஒண்ணாத்தான தெரிஞ்சுச்சு. யாரு போட்டது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ரெட்ட இழைங்க சார்" என்றேன். "நல்ல காரியத்துக்கு ஒத்த இழை போட மாட்டோம்."

யாரோ சிரித்தார்கள். ஆனால் எதிரணிப் பக்கமிருந்து ஓர் அம்மா, "ஆமா, ஒத்த இழை ஆகாதுல்ல. அவங்க போட்டது சரிதான்" என்றார்.

"சும்மா இரும்மா நீ" என்றாள் அவர் மகள், கையில் கிளவுஸோடு.

கயிறு பிடித்துப் பார்க்கலாம் என்றார்கள். ஆனால் பிள்ளைகள் சறுக்கி விழுந்து விழுந்து மூன்றாவது பேஸ் மூட்டை அங்கிட்டும் இங்கிட்டும் நகர்ந்து போயிருந்தது. அம்பயர் என்னிடமே வந்தார். "அக்கா, கயிறு புடிச்சு மொதல்ல போட்டது எது? உள்கோடா, வெளிக்கோடா?"

"பேட்டிங் புடிச்ச புள்ளையோட அம்மாகிட்டயே கேக்குறீங்களா சார்? நல்லாருக்கு நாயம்" என்றார் எதிரணி ஆசிரியர்.

அப்போது தூரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. தர்ஷினி. முதல் பேஸ் சாக்கிலிருந்து காலை எடுத்தால் யாராவது அவுட்டாக்கிவிடுவார்கள் என்று ஒரு காலை அதன் மேலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"கேளுங்க சார். எங்கம்மா பொய் சொல்லாது. நாலு தடவ மாத்தி மாத்திச் சொல்லும். ஆனா பொய் சொல்லாது."

எதிரணிப் பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள்.

நான் இரண்டு இழையையும் பார்த்தேன். எது முதலில்? என் கைக்கு இரண்டும் ஒன்றுதான். போகும்போது எந்தப் பக்கம் நடந்தேன், வரும்போது எந்தப் பக்கம் நடந்தேன்? நின்ற இடத்தில் வலது குதிகால் சுருக்கென்றது. காலையில் முள் குத்திய இடம். மைதானத்துக்கு வெளிப்பக்கம்தான் கருவேல முள் கிடக்கிறது. திரும்பி வரும்போதுதான் குத்தியது. நின்று பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் மீதி இழையை இழுத்தேன். அப்படியென்றால் வெளி இழை இரண்டாவது. உண்மையான கோடு உள்ளே இருப்பது.

தெரிந்துவிட்டது. இது உண்மை என்பதால் சொல்லப்போகிறேனா, அவளை வெளியூர் அனுப்ப வேண்டாம் என்பதால் சொல்லப்போகிறேனா? அந்த ஒரு கணத்தில் எனக்கே பதில் தெரியவில்லை. முள் மட்டும் தெரிந்தது.

"உள்கோடுதாங்க சார் மொதக் கோடு" என்றேன். "வெளிக்கோடு நா கூடப் போட்டது."

ஸ்டெல்லா மிஸ் கண்ணை மூடிக்கொண்டார். எதிரணி ஆசிரியரின் குரல் தணிந்தது. "அப்பறம் என்ன சார். அவங்களே சொல்லிட்டாங்க. நல்லதுங்கம்மா."

முதல் பேஸ் பக்கம் நான் திரும்பவே இல்லை.

நெல் அளவு

அம்பயர் கையைத் தூக்கப் போனார். பாதியில் நிறுத்தினார்.

"இருங்க" என்றார்.

தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தச் செம்மண்ணில் குப்புறப் படுத்தார். கன்னம் தரையில் பட, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோட்டின் நீளவாக்கில் பார்த்தார். பிறகு ஒரு துடைப்பக் குச்சி கேட்டார். பந்துக்கு ஒரு சாண் இந்தப் பக்கம், உள் இழையின் வெளி ஓரத்தில் அந்தக் குச்சியை நட்டக்குத்தலாகப் பிடித்து, அதன் வழியாகப் பந்தைப் பார்த்தார். பந்தைத் தொடவில்லை. அவர் மூச்சில் கோலமாவு மட்டும் லேசாகப் பறந்தது.

"சார், வந்து பாருங்க."

"பந்து தரையத் தொடுறது ரெண்டு கோட்டுக்கும் நடுவுல சார். அதுல பாக்க என்ன இருக்கு?"

"இது கபடி இல்ல சார். தரைய மட்டும் பாத்தாப் பத்தாது. பந்து கோட்டத் தொடணும்னுகூட இல்ல. கோட்டுக்கு மேல, ஆகாயத்துல, கொஞ்சம் இருந்தாலும் ஃபேர்தான். நீங்களே படுத்துப் பாருங்க."

வெள்ளைப் பேண்ட்டோடு அவர் மண்டியிட்டார். பிறகு படுத்தார். நெடுநேரம் பார்த்தார். அவர் பள்ளிப் பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர் எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டபோது, வேண்டுமானால் வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாம். பார்த்தது அம்பயரும் அவரும் மட்டும்தான்.

"குச்சிக்கு உள்பக்கமும் பந்து தெரியுது" என்றார். "நெல்லு அளவு இருக்கும்."

"நெல்லு அளவு போதும் சார்."

அம்பயர் எழுந்தார். சட்டை முன்பக்கம் முழுக்கச் சிவப்பு. ஒன்றும் பேசாமல் வலது கையை மைதானத்தின் பக்கம் நீட்டினார்.

பிள்ளைகள் கத்தியதும் ஓடியதும் பிட்சர் பிள்ளையைத் தூக்கியதும் பிறகு நடந்தன. நான் இன்னும் அந்தக் குச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டுக்கு அகலம் இல்லை என்று படித்தேன். அகலம் உண்டு என்று காலையில் என் கை காட்டியது. இப்போது பார்த்தால் அதற்கு உயரமும் இருக்கிறது. நான் சிந்திய பொடியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத சுவர் ஒன்று நேராக மேலே போய்க்கொண்டிருக்கிறது. அதில் ஒரு நெல் அளவு சாய்ந்திருந்தால் நீ உள்ளே.

எந்தக் கோடாக இருந்தாலும் பந்து உள்ளேதான் என்பது எனக்கு வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. நான் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இருந்திருக்கவில்லை.

வாசல்

டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தர்ஷினி கேட்டாள். "நா ஊருக்குப் போகக் கூடாதுன்னுதான உள்கோடுன்னு சொன்ன?"

"இல்லடி. முள்ளு குத்துச்சு. திரும்பி வாரப்ப. அத வச்சுத்தான்..." முழுதும் சொன்னேன். குதிகாலையும் காட்டினேன்.

அவள் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "கொஞ்சம்கூட அப்புடி நெனக்கலயா?"

நான் யோசித்தேன். "கொஞ்சம் நெனச்சேன்."

"எவ்வளவு?"

"நெல்லு அளவு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். அன்று ராத்திரியே ஸ்டெல்லா மிஸ்ஸுக்குப் போன் செய்து, அனுப்புகிறேன் என்றேன். வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டு, அங்கே தண்ணீர் நன்றாக இருக்குமா என்று கேட்டேன். கொசு உண்டா என்று கேட்க இன்னொரு தடவை.

கிளம்புகிற அன்று விடியும்போதே வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். பெரிய கோலம், இரட்டை இழை. அவள் அப்பா பையை வேனில் ஏற்றிவிட்டு டிரைவரிடம் பேசிக்கொண்டிருந்தார். தர்ஷினி ஷூ மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். கோலத்தை மிதிக்காமல் ஓரமாகப் போனவள் நின்றாள். ஒரு காலை எடுத்து, கடைசி இழைக்கு மேலே, தரையில் படாமல், அந்தரத்தில் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி பண்ற?"

"பாத்துக்க. தொடல. மேலதான் இருக்கு."

ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டு நின்றாள். வேனில் ஹாரன் அடித்தார்கள். அவள் போகவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஆயிரம் விஷயம் சொல்ல இருந்தது. பல் தேய்க்க வெந்நீர் கேள், ஈரத்தலையோடு படுக்காதே, போனை அணைக்காதே. ஒன்றும் சொல்லவில்லை. அம்பயர் மாதிரி வலது கையை வீட்டுப் பக்கம் நீட்டினேன்.

அவள் காலை இறக்கிவிட்டு வேனுக்கு ஓடினாள்.